பித்தளைக் குடம் எந்த வருசம் வீட்டுக்குள் வந்தது?

வீட்டையும் அடுப்படியையும் பற்றித் தமிழில் வருகிற நினைவுக் கட்டுரைகளை விடாமல் வாசித்து வருகிறவன் நான். பொங்கல் மலர், தீபாவளி மலர் எதைப் புரட்டினாலும் ஒன்றிரண்டு கண்ணில் படும். அவற்றுக்கென்று ஒரு வாய்ப்பாடு உண்டு. வயசான அம்மாவோ பாட்டியோ ஊரிலுள்ள பெரிய வீட்டைக் காலி பண்ணிவிட்டு நகரத்து மகன் வீட்டுக்குக் கிளம்புகிறார். பரணிலிருந்து சாமான்கள் இறங்குகின்றன. வெண்கல உருளி, ஈயச் சொம்பு, ஊறுகாய் ஜாடி, சீராக வந்த அடுக்குப் பாத்திரம். ஒவ்வொன்றைத் தொட்டதும் ஒரு மாசம், ஒரு பண்டிகை, ஒரு பலகாரம் ஞாபகம் வருகிறது. மாசியில் வடாம், சித்திரையில் மாவடு, கார்த்திகையில் பொரி உருண்டை. எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்று தெரியாமல் கண் கலங்குகிறது. அத்தோடு கட்டுரை முடிகிறது.

இவை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. வயசான காலத்தில் வீட்டைச் சுருக்குவது யாருக்கும் வலிதான். என் விமர்சனம் வேறு. இந்தக் கட்டுரைகளில் பாத்திரம் எப்போதும் ஏற்கனவே வீட்டில் இருக்கிறது. அது எப்படி உள்ளே வந்தது என்ற கேள்வி எழுவதே இல்லை. மிஞ்சிப் போனால் எந்தக் கடையில் வாங்கியது, யார் சீரில் வந்தது என்று இரண்டு வரி இருக்கும். கையில் காசு இருந்தால் வாங்கலாம் என்பதைத் தாண்டி, ஒரு பித்தளைக் குடத்துக்கு வேறு நிபந்தனை ஏதும் இருந்ததாக அந்த எழுத்துக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் இருந்தது.

ராமநாதபுரம் ஜில்லாவில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியார், ஆதிதிராவிடர்களுக்கு எதிராக எட்டுக் கட்டளைகள் போட்டார்கள். 1931 மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை அதிகாரியாக இருந்த ஜே.எச். ஹட்டன், 'காஸ்ட் இன் இந்தியா' என்ற தன் நூலில் (1946) அவற்றை வரிசையாகக் கொடுத்திருக்கிறார். தங்கம் வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை பனியன் போடக் கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் ரவிக்கை தாவணி போடக் கூடாது, பூ மஞ்சள் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. இத்தனைக்கும் நடுவில் ஒன்று: வீட்டுக்குள் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். தானியத்தையும் சாமான்களையும் அழித்தார்கள். ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அதோடு விடவில்லை. 1931 ஜூனில் கட்டளைகள் பதினொன்றாக வளர்ந்தன. பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். செம்பு, பித்தளை ஆகாது. குடத்துக்குக் கீழே வைக்கிற சும்மாடு வைக்கோலாக இருக்க வேண்டும். துணியைச் சுருட்டி வைக்கக் கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதார் மாடுதான் மேய்க்க வேண்டும். சொந்த நிலத்தை மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காதவனுக்குத் தண்ணீர் கிடையாது. காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா. கல்யாண ஊர்வலத்துக்கு வாகனம் கூடாது, வீட்டுக் கதவைக் கழற்றிப் பல்லக்காக்கிக்கொள்ள வேண்டும்.

தலையில் வைக்கிற சும்மாடு துணியா வைக்கோலா என்பது வரைக்கும் யோசித்திருக்கிறார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அன்றைய ராமநாதபுரம் ஜில்லா பெரியது. 1985இல்தான் அது ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று மூன்றானது. அந்த ஜில்லாவின் சேரி வீடு ஒவ்வொன்றிலும் இருக்கிற ஒவ்வொரு உலோகப் பாத்திரமும் இந்தக் கட்டளைக்குப் பிறகோ, இதை மீறியோ உள்ளே வந்தது என்று வைத்துத்தான் நாம் அந்த அடுப்படியை வாசிக்க வேண்டியிருக்கிறது.

இது எங்கள் சீமையோடு முடிகிற விசயமும் இல்லை. 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் (1936) அம்பேத்கர் இரண்டு சம்பவங்களைச் சொல்கிறார். 1935 நவம்பரில் அகமதாபாத் ஜில்லாவில் ஒரு கிராமத்தில், ஓரளவு வசதியான தீண்டப்படாத குடும்பத்துப் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்தார்கள் என்பதற்காகத் தாக்கப்பட்டார்கள். ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் யாத்திரை போய் வந்த ஒருவர் தன் சனத்துக்கு வைத்த விருந்தில் நெய் பரிமாறினார் என்பதற்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அடித்து விரட்டினார்கள். குடம், நெய். நினைவுக் கட்டுரைகளில் மணக்கிற இரண்டு பொருள்கள். அம்பேத்கரிடம் இவை வருவது சாட்சியங்களாக.

இப்போது நெடுஞ்சாலையில் 'மண்பானைச் சமையல்' என்று போர்டு போட்ட ஓட்டல்களைப் பார்க்கிறேன். பாரம்பரியம், ஆரோக்கியம் என்கிறார்கள். மண்பானையில் குழம்பு ருசிதான். எங்க சனத்துக்கு அது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் உருளி வைத்திருந்தவர் மண்பானைக்குத் திரும்புவதும், மண்பானைக்குள்ளேயே அடைத்துவைக்கப்பட்டவர் அதிலிருந்து வெளியேறியதும் ஒன்றல்ல. ஒருவருக்கு அது விருப்பம், மற்றவருக்கு உத்தரவு. இந்த வித்தியாசத்தை அழித்துவிட்டு 'நம்ம பாட்டி காலத்துச் சமையல்' என்று பொதுவாக எழுதும்போது, அந்த 'நம்ம' யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆர்.எஸ். மங்கலம் பக்கத்தில் காலனியில் எங்க பெரியாத்தா வீடு. ஒரே அறை, முன்னால் இழுத்துக் கட்டின தாழ்வாரம். முழங்கால் முடியாமல் போனதால் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற மகனோடு இருப்பதென்று முடிவானது. சாமான் ஒழிக்க நானும் கூட இருந்தேன். பரண் இல்லை, இறக்குவதற்கு ஒன்றுமில்லை. ரெண்டு அலுமினியச் சட்டி, குழம்பு வைக்கிற மண்சட்டி, கஞ்சி குடிக்கிற கும்பா, சொளகு, ஓலைக் கொட்டான், பண்ணருவாள், மிளகாய்ப் பானை, அம்மி, ஆட்டுக்கல், ஒரு பித்தளைக் குடம். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கேட்க ஆளில்லை. 2011இல் அரசாங்கம் விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்க ஆரம்பித்த பிறகு அவை எல்லா வாசலிலும் சும்மா கிடக்கின்றன. பழைய சாமான்காரர் குடத்தைத் தராசில் வைத்தபோது பெரியாத்தா சொன்னது இது:

"எங்காத்தாவுக்கு அவுக அண்ணன் கொழும்புல இருந்து வந்தப்ப வாங்கிக் குடுத்தது. வாங்குன புதுசுல தண்ணிக்குக் கொண்டு போகல. உள்ள வச்சு வரகு போட்டு மூடி வச்சிருந்தாக. யாரும் கேட்டா வரகுக் குடம்னு சொல்லணும். தண்ணிக்கு மம்பானைதான். நான் வயசுக்கு வந்த வருசந்தான் எங்காத்தா அதக் கழுவி இடுப்புல வச்சு வெளிய எறங்குச்சு. நான் பின்னாலயே போனேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. ஆனா எல்லாரும் பாத்தாக."

பெரியாத்தாவின் வயசைக் கணக்குப் போட்டால் அது 1960 வாக்கில் வருகிறது. கட்டளை போட்டு முப்பது வருசம். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் வந்து பத்து வருசம். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இலேயே வந்தாச்சு. குடம் மட்டும் அதுவரை வரகுக்குள் ஒளிந்திருந்தது. எடை நாலு கிலோ சொச்சம் வந்தது. பெரியாத்தா காசை எண்ணி வாங்கி முடிந்துகொண்டது. "வழிச் செலவுக்கு ஆகும்ல" என்றது. அதன் கண் கலங்கவில்லை. நினைவுக் கட்டுரையின் வாய்ப்பாட்டில் இந்த இடத்தை எங்கே வைப்பது?

பருவத்துக்கு ஏற்ற சமையல் என்பதும் இப்படித்தான். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. கல்யாணமான பெண்களுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட, அளவுகளைத் துல்லியமாகச் சொன்ன, உழைப்பான புத்தகம். ஒரு சாதியின் சைவ அடுப்படியைச் சொல்கிற புத்தகம் அது. குறை அந்த அம்மாளிடம் இல்லை. அவர் தனக்குத் தெரிந்ததை எழுதினார். அதையே தமிழ்ச் சமையல் என்று பொதுப்பெயர் வைத்துக் கொண்டாடியவர்களிடம்தான் குறை. அந்த மரபில் பருவம் என்பது காய்கனி வருகிற காலம், பண்டிகை வருகிற காலம். சேரியில் பருவம் என்பது வேலை இருக்கிற காலம், வேலை இல்லாத காலம்.

ஆர்.எஸ். மங்கலத்துக் கண்மாய்க்கு 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பேர். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாரை ஒரே மூச்சில் பறக்க முடியாதாம், அவ்வளவு பெரிசு. ராஜசிங்க பாண்டியன் பேரில் ஊர் இருக்கிறது, மடைக் கணக்கு பழமொழியில் இருக்கிறது. அந்தக் கண்மாய்த் தண்ணீரை நம்பி அடுத்தவன் வயலில் வேலை செய்த பெண்கள் எந்த மாசத்தில் என்ன சமைத்தார்கள் என்பது எதிலும் இல்லை. ஆகவே கொஞ்சம் சொல்கிறேன்.

ஆவணி புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிற சீமை இது. ஐப்பசி கார்த்திகை மழை அடைத்துக்கொண்டால் கூலி கிடையாது. அந்த நாட்களுக்காகத்தான் கோடை வெயிலிலேயே மாட்டுக்கறியை வரியாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோர்த்துக் கண்டம் போட்டு வைத்தார்கள். தொண்டி, தேவிபட்டினம் கடற்கரையிலிருந்து வந்த சூடைக் கருவாடும் நெத்திலியும் பானைக்குள் கிடக்கும். மழை விட்டதும் வரப்பில் நண்டு, நத்தை. களையெடுக்கப் போன இடத்தில் மடியில் கட்டிக்கொண்டு வந்த பண்ணைக்கீரை, குப்பைக்கீரை. தை மாசி அறுப்பில்தான் புது நெல். அறுத்த வயலில் எலி வளையைத் தோண்டினால் எலியும் கிடைக்கும், அது சேர்த்து வைத்த கதிரும் கிடைக்கும். பனங்கிழங்கும் அப்போதுதான். மாசியிலிருந்து சித்திரை வரை மிளகாய்ப் பழம் எடுப்பு. கோடையில் கண்மாய் வற்றி, ஏலக்காரர் பிடித்தது போக 'கம்மா அழியுறப்போ' ஊர்ச்சனம் மொத்தமும் சேற்றில் இறங்கும். கெளுத்தி, குரவை, அதிர்ஷ்டம் இருந்தால் விரால்.

2023இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் பக்கத்துக் குண்டு மிளகாய்க்கு மரியாதை வந்தது சந்தோசந்தான். மிளகாய் எடுத்துவிட்டு வந்த கையோடு பிள்ளையைத் தூக்க முடியாது. கையில் புளித்தண்ணியோ மோரோ ஊற்றி எரிச்சலை அடக்கிய பிறகுதான் அடுப்பு மூட்ட வேண்டும். அந்தக் கைக்கு ஒரு சமையல் உண்டு: பக்குவம் பார்க்க நேரமில்லாத, ஒரே சட்டியில் முடிகிற குழம்பு. அதை 'எளிய கிராமத்து உணவு' என்று எழுதுகிறவர்கள், எளிமைக்குக் காரணம் கூலி நேரம் என்பதையும் எழுத வேண்டும்.

இவ்வளவையும் வெளியே பார்த்துக் கேட்டால் மட்டும் போதாது. நம்ம எழுத்தையும் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

பாமாவின் 'கருக்கு' (1992) வந்தபோது, நாயக்கர் வீட்டில் வேலை செய்த பாட்டி உயரத்திலிருந்து ஊற்றின தண்ணீரைக் கைகுவித்துக் குடித்ததும், மிச்சச் சோற்றை வாங்கி வந்ததும் தமிழ் வாசகனின் தொண்டையில் முள்ளாக நின்றது. அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து வந்த குரல் அது. ஆர்.எஸ். மங்கலத்துக்கு அண்டை ஊரான இளையான்குடிப் பக்கத்து வாழ்க்கையை கே.ஏ. குணசேகரன் 'வடு'வில் (2005) பசியோடும் படிப்போடும் எழுதினார். இமையத்தின் 'கோவேறு கழுதைக'ளில் (1994) ஆரோக்கியம் தினமும் காலனியில் வீடு வீடாகச் சோறு எடுக்கிறாள். நமக்கும் கீழே ஒருத்தியை வைத்து நாம் சோறு போட்டதை அந்த நாவல் நம்ம முகத்துக்கு நேரே காட்டியது. ராஜ் கௌதமன் 'தலித் பண்பாடு' (1993) நூலில், இழிவு என்று ஒதுக்கப்பட்ட உணவையும் பேச்சையும் எதிர்ப்பண்பாட்டின் ஆயுதமாக்கச் சொன்னார்.

இவை இல்லாமல் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க முடியாது. இருந்தாலும் ஒரு குறை நிற்கிறது. நம்ம எழுத்தில் உணவு இரண்டு வேடத்தில்தான் அதிகம் வந்தது. ஒன்று பசி, இன்னொன்று அவமானம். பிறகு கொஞ்சம் கலகம். சமைத்தவளின் அறிவு என்ற வேடத்தில் அது குறைவாகவே வந்தது. கண்டம் போட எத்தனை வெயில் வேண்டும், குடலை எதில் கழுவினால் வாடை போகும், நத்தையை எத்தனை கொதியில் இறக்க வேண்டும், ரேஷன் அரிசியின் வாடையை எப்படி முறிப்பது. இவை பசியில் பிறந்த அறிவு என்பது உண்மை. அதற்காக அறிவு இல்லை என்று ஆகிவிடாது. பசியை மட்டும் எழுதினால் நம்ம அப்பத்தாமார் வாங்கித் தின்றவர்களாக மட்டும் நிற்பார்கள். ஆக்கிப் போட்டவர்களாக நிற்க மாட்டார்கள்.

மராத்தியில் இதைச் செய்திருக்கிறார்கள். ஷாஹு பாட்டோளே 2015இல் மராத்வாடாவின் மஹார், மாங் அடுப்படிகளைப் பற்றி 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம' என்று ஒரு புத்தகம் போட்டார். அன்னமே பூரண பிரம்மம் என்ற வாக்கைத் திருப்பிப்போட்ட தலைப்பு. ரத்தம், குடல், காயவைத்த கறி, காட்டுக் கீரை எல்லாம் செய்முறையோடு இருக்கின்றன. கூடவே எது ஏன் கிடைத்தது, எது ஏன் கிடைக்கவில்லை என்ற அரசியலும் இருக்கிறது. 2024இல் ஆங்கிலத்துக்கும் போய்விட்டது. தமிழில் அப்படியொரு புத்தகத்துக்கான சரக்கு ஒவ்வொரு காலனியிலும் கிடக்கிறது. வைத்திருக்கிறவர்களுக்கு வயசு எழுபது எண்பது.

அவர்கள் இப்போது கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அவசரம். பெரியாத்தா திருப்பூருக்குப் போகும்போது மகன் போனில் சொன்னான், "கண்டம் மட்டும் எடுத்துட்டு வராத ஆத்தா." வாடகைக்கு வீடு பிடிக்கும்போது வீட்டுக்காரர் முதலில் 'கவுச்சி உண்டா' என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும், 'என்ன கறி' என்று கேட்டிருக்கிறார். அந்த இரண்டாவது கேள்விக்குப் பேர் என்னவென்று நமக்குத் தெரியும். ஒரே சுவர், பக்கத்து ஜன்னல், வாடை போகும். அதனால் தகர டப்பாவில் இருந்த கண்டத்தைத் தெருவில் மூன்று வீட்டுக்குப் பங்கு வைத்துவிட்டுத்தான் பெரியாத்தா பஸ் ஏறியது. குடம் தராசுக்குப் போனது, கண்டம் பங்குக்குப் போனது. 1931இல் பாத்திரத்தைப் பார்த்துக் கேட்டவர்கள் இப்போது பாத்திரத்துக்குள் இருப்பதைக் கேட்கிறார்கள். எவர்சில்வர் குக்கர் வைத்திருப்பதற்கு இன்றைக்குத் தடையில்லை. அதற்குள் என்ன வேகிறது என்பதில்தான் தடை.

வயசானவர்கள் வீட்டைச் சுருக்குவதைப் பற்றி எழுதுகிற அத்தனை பேரும் எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்று எழுதுகிறார்கள். எதை விடச் சொன்னார்கள், சொன்னது யார் என்று எழுதுவதில்லை. சாமான் அதிகமாக இருந்ததால் விட்டவரையும், வாடை வரும் என்பதால் விட்டவரையும் ஒரே சோகத்துக்குள் போட்டுக் கலக்கிவிட முடியாது.

இந்தப் பக்கங்களின் வாசகர்கள் பலரும் தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள். போன இடத்தில் அப்பத்தாவோ அம்மாயியோ பெரியாத்தாவோ இருந்தால், பழைய சாமான்காரர் வருவதற்கு முன்னால் உட்கார்ந்து கேளுங்கள். முதல் உலோகப் பாத்திரம் எந்த வருசம் வந்தது, யார் காசு, கொழும்புக் காசா ரங்கூன் காசா மிளகாய்க் கூலியா. அதை எத்தனை நாள் வெளியே எடுக்காமல் வைத்திருந்தார்கள். முதல் நாள் எடுத்துப் போனது யார், எந்தத் தெரு வழியாக. வேலை இல்லாத மாசத்தில் அடுப்பில் என்ன இருந்தது, அதை எப்படி ஆக்கினார்கள், அளவு என்ன. வீட்டுக்கு வந்த யாருக்கு அதைப் போடாமல் மறைத்தார்கள். அவர்கள் சொல்கிற பேச்சிலேயே, வருசத்தோடும் மாசத்தோடும் எழுதி அனுப்புங்கள். திருத்தி இலக்கியமாக்க வேண்டாம்.